கேஜில் பத்து

குழாய் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி, அமுக்கிய காற்றை உள்ளே விட்டு, எங்காவது குமிழ் கிளம்புகிறதா என்று துஷ்யந்தி குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் நன்றாயிருக்கும். ஒரேயொரு குமிழ் போதும். காற்றுக் கசிகிறது, மூட்டுக்குப் போடும் வளையம் கடையில் இல்லை, வர ஒரு கிழமையாகும், நாளைக்கு இந்த வண்டி மலைக்குப் போகாது என்று சுதாகரனிடம் சொல்லிவிடலாம். அவனும் நம்புவான். பனியில் ஓடும் இந்த ஸ்னோமொபைல் வண்டிகளுக்கு டர்போ பூட்டுவதுதானே கடையில் அவளுக்குப் பிழைப்பு, அவள் சொன்னால் புருஷன் மறுத்துப் பேசவா போகிறான். ஆனால் இந்தக் கைகளை என்ன செய்வது. மனம் வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்க, கைகள் தம்பாட்டில் ஒவ்வொரு திருகையும் அளவாக முறுக்கி, ஒவ்வொரு வயரையும் சூடு படாமல் ஒதுக்கிக் கட்டி, கடையில் யாரோ முன்பின் தெரியாதவனின் வண்டிக்குச் செய்வதுபோலவே செய்து முடித்திருந்தன. பழகிய கைக்கு நன்றி விசுவாசம் எல்லாம் வேலையோடுதான், வேலை செய்விக்கிறவளோடு இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டதோடு நிற்காமல், அதற்குத் தீனியும் போட்டு வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. கராஜின் சின்ன யன்னலுக்கு வெளியே மலை, எப்போதும்போல, ஒன்றும் அறியாத மாதிரி வெள்ளையாக நின்றது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிப்பதில்லை. இந்த ஒரு வருஷமாக யன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் வேலை செய்கிறாள்.

வீட்டுக்குள்ளிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. சுதாகரன் சமைக்கிறான். நாளைக்கு அவன் தம்பி நிமலனின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருஷம். ஐயர் தொலைபேசியில் திதி பார்த்துச் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு. நிமலன் செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, ஊர் வழக்கப்படி அவன் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்துப் படைத்திருக்க வேண்டும். படைக்கவில்லை. சாம்பல் அள்ளிய காடாத்தோடு படுத்த சுதாகரன் கட்டிலைவிட்டு எழும்பவே இல்லை, சுவரைப் பார்த்தபடி கிடந்தான், அவளும் அவனுக்குக் கஞ்சி பருக்குவதிலேயே இருந்துவிட்டாள். தம்பி பசியோடு போய்விட்டான் என்று அவனுக்கு இப்போது மனம் அறுக்கிறது. வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவன், சாமி கும்பிடுகிறவர்களைப் பகிடி பண்ணுகிறவன், செத்தவனுக்குப் பசிக்கும் என்பதை மட்டும் அப்படியே நம்புகிறான். ஆட்டையோடாவது அந்தக் கடனைத் தீர்க்க வேண்டுமாம். வீட்டில் படத்துக்கு முன்னால் படைத்தால் போதாதாம், அவன் பனிக்குள் மாட்டிய இடத்திலேயே வைக்க வேண்டுமாம். அந்த இடம் மரங்கள் முடிந்து, அதற்கும் மேலே, மலையின் நெற்றிக்கு ஏறும் சரிவில் இருக்கிறது. அங்கே ஏறுவதற்குத்தான் இந்த டர்போ. சாதாரண வண்டி அங்கே ஏறாது. ஏறாது என்பதை நிமலன் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

டர்போ ஒன்றும் பெரிய மந்திரமில்லை. எஞ்சின் கழித்துவிடும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவைத்து, அந்தச் சக்கரத்தால் மலையின் மெலிந்த காற்றை அமுக்கித் திரும்ப எஞ்சினுக்குள் திணிப்பது, அவ்வளவுதான். எவ்வளவு திணிப்பது என்பதை லாப்டொப்பில் எழுதி எஞ்சினின் மூளைக்குள் ஏற்ற வேண்டும். ஆறு இறாத்தல் அழுத்தம் என்று எழுதினால் வண்டி நல்ல பிள்ளையாக, கொஞ்சம் துடியாட்டமாக ஓடும். பத்து என்று எழுதினால் பேய். பத்துக்குத் தாங்கக்கூடிய பாகங்களைத்தான் சுதாகரன் கேட்டு வாங்கிப் பூட்டுவித்தான். கைபிடிக்குப் பக்கத்தில் கேஜ் ஒன்றும் பூட்டச் சொன்னான், ஓடும்போது எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்க்க. பத்து, பத்து, பத்து. நித்திரையில்கூட அவன் அதைத்தான் சொல்வான் போலிருந்தது. பிள்ளைகள் பரீட்சைப் புள்ளி சொல்வதுபோல. துஷ்யந்தி லாப்டொப்பை வேலை மேசையில் திறந்துவைத்தாள். எழுத வேண்டிய பெட்டி வெறுமையாக இருந்தது. பிறகு எழுதலாம் என்று கிளச்சைக் கழற்றினாள். கிளச்சில் இருக்கும் சின்ன எடைகளைக் கூட்டினால்தான் புதிய பலத்தைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். அந்த எடைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சில்லென்று இருந்தன. நிமலனின் விரல்களைக் கடைசியாகத் தொட்டபோதும் இப்படித்தான்.

அவள் அன்று அங்கே இல்லை. ஆனால் சுதாகரன் சொல்லிச் சொல்லி, நித்திரையில் கத்திக் கத்தி, அவளும் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. கோரி என்ற கூட்டாளி தன் டர்போ வண்டியை, ஒருக்கால் ஓடிப் பார் என்று சுதாகரனிடம் கொடுத்தான். அது மலையின் நெற்றிவரை ஒரே மூச்சில் ஏறியது. பின்னால் நிமலன். அவனுடையது டர்போ இல்லாத சாதாரண வண்டி. அண்ணன் போன தடத்திலேயே தம்பியும் போனான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அண்ணன் கிணற்றுக்கட்டில் ஏறினால் இவனும் ஏறுவான், அண்ணன் கனடாவுக்கு வந்தால் இவனும் வந்தான், அண்ணன் மலைக்கு வந்தால் இவனும். நடுச்சரிவில் வண்டிக்கு மூச்சுப் போய், பனிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இறங்கிக் கையால் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறான். அப்போதுதான் மேலே ஒரு கோடு ஓடியது என்று சுதாகரன் சொல்வான். மேலே பனியில் ஒரு கோடு. பெரிய கண்ணாடியில் வெடிப்பு விழுவதுபோல. சுதாகரன் பெருவிரலால் வேகப்பிடியை அமுக்கினான், கோரியின் வண்டி பக்கவாட்டில் பாய்ந்து அவனை மரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பிப் பார்த்தபோது மேலிருந்த பனி சரிந்து வந்து, சரிவு முழுக்கப் புதிதாக இருந்தது. யாருமே வந்துபோகாத இடம்போல. நிமலனின் நெஞ்சில் கட்டியிருந்த, ஆளைத் தேடும் கருவி காட்டிக்கொடுத்த இடத்தில் எல்லோரும் தோண்டினார்கள். தோண்டி எடுத்தார்கள். பிந்திவிட்டது. வண்டியைக் கோடையில், பனி கரைந்த பிறகு, கோரியும் மற்றவர்களும் இறக்கிக்கொண்டுவந்து இந்தக் கராஜின் மூலையில் விட்டுவிட்டுப் போனார்கள். அவள்தான் ஒருவருக்கும் சொல்லாமல் அதன் வளைந்த கைபிடியை நிமிர்த்தி, புது எண்ணெய் விட்டு, ஓடவைத்துப் பார்த்து, நீலத் தறப்பாளால் மூடிவைத்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் தெரியாது. பழுதான எஞ்சினைப் பழுதாகவே விட்டுவைக்க அவளால் முடிவதில்லை.

"முடிஞ்சுதோ?" என்று கதவடியில் குரல். சுதாகரன் மஞ்சள் அப்பிய கையோடு நின்றான். ஏப்ரன் கட்டியிருந்தான். மெலிந்துபோன முகத்துக்கு அது பொருந்தவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு. கணவாயை அடுப்பிலை விட்டிட்டே வந்தனீங்கள்?"

"இன்னும் பொரிக்கேல்லை, உப்பு மஞ்சள் பிரட்டி வைச்சிருக்கிறன். அவனுக்கு முறுகப் பொரிச்சாத்தானே பிடிக்கும்." உள்ளே வந்து வண்டியின் மூக்கை மாட்டைத் தடவுகிற மாதிரிப் புறங்கையால் தடவினான். "பத்து ஏத்தியாச்சோ?"

"ஏத்திறன். நீங்கள் போங்கோ, இதிலை நிண்டு கணவாய் மணத்தை வண்டிக்கு ஏத்தாமல்."

"இஞ்சை பாரும் துஷி. அண்டைக்கு அவனிட்டை இது இருந்திருந்தா இண்டைக்கு இதிலை நிண்டு உம்மோடை பகிடி விட்டுக்கொண்டிருப்பான்." அவன் அதைக் கோபமில்லாமல், கண்ணீரில்லாமல், கடையில் சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னான். "பவர் இல்லாமல்தான் செத்தவன். வேறை ஒண்டுமில்லை." சொல்லிவிட்டுப் போனான்.

வேறை ஒண்டுமில்லையாம். அங்கே போகாமல் இருந்திருந்தால் என்பது கணக்கிலேயே இல்லை. பவர் இல்லாமல் செத்தான் என்பதும் உண்மை, பவர் உள்ளவன் முன்னால் போனபடியால் செத்தான் என்பதும் உண்மை, இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எந்த மனுஷனால் முடியும். பத்து என்று எழுதினால் அவன் நெற்றிவரை போவான். காலையில் அவள் பார்த்த பனிச்சரிவு எச்சரிக்கை, மரத்துக்கு மேலே போகாதீர்கள் என்றுதான் இருந்தது, அவனும் பார்த்திருப்பான், பார்த்துவிட்டு மூடியிருப்பான். ஆறு என்று எழுதினால் நெற்றிக்குப் போகமாட்டான், பாதியிலேயே திணறித் திரும்புவான், திரும்பட்டும், பெருமூச்சோடு திரும்பட்டும். ஆனால் திரும்பாவிட்டால்? பாதியில் திணறியபடி நிற்கும்போது மேலே அந்தக் கோடு ஓடினால்? ஆறு அவனை வெளியே கொண்டுவருமா. பத்து கொண்டுவரும். அன்று கொண்டுவந்தது. அப்படியென்றால் பத்து. பத்து என்றால் போவான். போனால் கோடு ஓடும். ஓடினால் பத்து வேண்டும். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், இங்கே தலைக்கு மேலே போகப்போவது பனி, சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் ஒருவனின் மூச்சு நிற்கிறது. அவள் கிளச்சைத் திரும்பப் பூட்டினாள். பெல்ட்டைப் போட்டாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள். வீட்டில் அவனுடைய சாப்பாட்டுத் தட்டு, அவனுடைய சப்பாத்து, படுக்கையில் அவனுடைய பக்கம். எட்டாம் நாள் அவனுக்கு என்ன சமைப்பது என்ற நினைப்பு வந்தது. அவனுக்கு என்ன பிடிக்கும், முருங்கைக்காய் பிடிக்கும், இந்த ஊரில் முருங்கைக்காய்க்கு எங்கே போவது, ஐஸில் உறைந்ததுதான் கிடைக்கும். சீ என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் நினைப்பு நின்றுவிடவில்லை. அது முருங்கைக்காயிலேயே சிக்கிக்கொண்டு, வெட்டி, நார் உரித்து, சட்டியிலும் போட்டுவிட்டது. அப்போதுதான் அவள் ஆறு என்று எழுதினாள். எழுதியதோடு நிற்கவில்லை. கேஜுக்குப் போகும் கணக்கையும் திருத்தினாள். ஆறு வரும்போது பத்து என்று காட்டும்படி. நாலைந்து எண்களை மாற்றுகிற வேலை, எந்தக் கடைக்காரனும் கண்டுபிடிக்க மாட்டான். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளருக்கும் அவள் செய்யாத அயோக்கியத்தனம். கட்டின புருஷனுக்குச் செய்தாள். செய்ததும் மனம் இலேசாகிவிட்டது, அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை வரை வெறும் வெளி. சுதாகரன் ஏப்ரனைக் கழற்றாமலே, ஓடிப் பார்க்கத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஏறினான். வண்டி உறுமி, பனியைப் பின்னால் தூற்றிக்கொண்டு பாய்ந்தது. சத்தம் தூரப் போகப் போக அவள் அதைக் காதால் பிடித்துக்கொண்டே நின்றாள். எஞ்சின் நன்றாக இருக்கிறது, எரிபொருள் அளவு சரி, பெல்ட் வழுக்கவில்லை, எல்லாம் சரி. கேஜைத் தவிர எல்லாம் உண்மை. திடீரென்று சத்தம் நின்றது. ஆற்றங்கரையில் மலை இல்லை, சரிவு இல்லை, விழுவதற்கு ஒன்றுமே இல்லை, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கராஜ் வாசலிலிருந்து வெளியே ஓடினாள். சப்பாத்துக் கூடப் போடாமல் வெறும் காலுறையோடு பனியில் நின்றுகொண்டு, பிள்ளையாரே, என்று தொடங்கினாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவனைத் தா என்றா, அவனைத் தடு என்றா. நாளைக்கு முழுநாளும் இப்படித்தான் இருக்கும் என்று விளங்கியது. பிறகு சத்தம் மறுபடி கேட்டது. கரையில் நிறுத்தித் திருப்பியிருக்கிறான், வேறொன்றுமில்லை.

அவன் வந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவளுக்கு ஒரு கணம் ஆளைத் தெரியவில்லை. முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. கண்ணில் வெளிச்சம். ஒரு வருஷத்துக்கு முந்திய சுதாகரன், கலியாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனோடு சேர்ந்து அவளைப் பகிடி பண்ணிய சுதாகரன்.

"ஐயோ துஷி, பத்து! அப்பிடியே பத்திலை நிக்குது, அசையேல்லை! கோரியின்ரை இதுக்குக் கிட்டவும் நிக்காது. இது பறக்குது!" அவன் அவளுடைய தோள்களைப் பிடித்து உலுக்கினான். "இனி எனக்குப் பயமில்லை. நான் உமக்குச் சொல்லேல்லை, நேற்றுவரைக்கும் சரியான பயம். கீழை எங்கையாவது வைச்சிட்டு வருவமோ எண்டுகூட நினைச்சனான். இப்ப இல்லை. நேரை மேலை போய், அவன் மாட்டின இடத்திலையே வைச்சு, ஒரு திரியும் கொளுத்திப்போட்டு நிதானமா வருவன். பனி உடைஞ்சு வந்தாலும் பத்து என்னை வெளியிலை கொண்டந்து போட்டிடும்."

கண் சொன்னதை உடம்பு நம்பிவிட்டது. கோரியின் வண்டிக்கு டர்போ பூட்டியவளும் இவள்தான், இது அதைவிட ஒரு துளிகூடப் பறக்காது.  நேற்றுவரைக்கும் பயமாம். நேற்றுவரைக்கும் அவனை இறக்கிக்கொண்டு வரக்கூடியதாக வீட்டில் இருந்த ஒரே சாமான் அந்தப் பயம். அதையல்லவா அவள் நாலைந்து எண்களால் கழற்றி எடுத்து எறிந்துவிட்டாள். பத்தின் துணிச்சலையும் ஆறின் பலத்தையும் கொடுத்து மேலே அனுப்பப் பார்த்தாளே. நிமலனுக்குக்கூட இப்படி ஒரு அநியாயம் நடக்கவில்லை, அவனுடைய வண்டி அவனிடம் பொய் சொல்லவில்லை.  சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவன் செத்தாலும் கொன்றது பனி இல்லை.

"அது பத்து இல்லை," என்றாள். "ஆறு. கேஜைப் பொய் சொல்லப் பண்ணினது நான்."

அவன் சிரித்தபடியே நின்றான். சிரிப்பு கடைசியாகத்தான் விளங்கிக்கொண்டது. "என்ன?"

"ஆறுதான் வருது. நீங்கள் மேலை போகாமல் வரவேணும் எண்டு செய்தனான்."

"என்னோடை விளையாடினீரோ?" குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்ரை தம்பிக்குச் சோறு வைக்கப் போறன் எண்டிறன், நீர் என்னை வைச்சு விளையாடினீரோ? அங்கை நான் நடுவிலை நிண்டு, பத்து இருக்கெண்டு நம்பி அமுக்கியிருந்தா?"

"ஓம். அதுதான் சொல்லுறன்." அவள் லாப்டொப்பை எடுத்து வந்து, அவன் பார்த்திருக்க, வயரைக் கொழுவினாள். கேஜின் கணக்கைப் பழையபடி ஆக்கினாள். ஆறை அழித்துப் பத்து என்று எழுதினாள். எண் சரியாகத்தான் விழுந்தது. "இந்தாங்கோ. இது உண்மையான பத்து. நீங்கள் கேட்டது."

பிறகு மூலைக்குப் போய் நீலத் தறப்பாளை இழுத்தாள். அதற்கு முந்திய நிமிஷம்வரை அப்படி ஒன்றைச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. தறப்பாள் சரசரவென்று விழுந்தது. நிமலனின் வண்டி, கைபிடி நிமிர்ந்து, துடைத்து, எண்ணெய் மினுமினுக்க நின்றது. சுதாகரன் ஒரு அடி பின்னால் வைத்தான். அவள் இழுவைக் கயிற்றை இழுத்தாள், முதலிழுவையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பின்னால் வரும் சத்தம், திரும்பிப் பார்க்காமலே தெரிகிற சத்தம். சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"நிப்பாட்டும்."

நிறுத்தினாள். "நாளைக்கு நானும் வாறன். இதிலை."

"விசரே உமக்கு? அது அங்கை ஏறாது."

"தெரியும்."

"பாதியிலை மாட்டும்."

"தெரியும். நீங்கள் போற தடத்திலைதான் வருவன். நீங்கள் எவ்வளவு தூரம் போறீங்களோ அவ்வளவு தூரம். மாட்டினா இறங்கிக் கிண்டிக்கொண்டு நிப்பன்."

அவன் அவளை அடிக்கப்போகிறவன்போலப் பார்த்தான்.  இது மிரட்டலில்லை. அவன் போனால் அவள் போவாள், அவன் ஏறினால் ஏறுவாள், அது இருவருக்கும் தெரிந்தது. சுதாகரன் மெல்ல வந்து தம்பியின் வண்டி இருக்கையில் உட்கார்ந்தான். இருக்கையின் ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தை விரலால் தடவினான்.  பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. செத்தவீட்டில் அழாதவன், காடாத்தில் அழாதவன், இப்போது ஏப்ரன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். அவள் கிட்டப் போகவில்லை. போனால் நின்றுவிடும் என்று பயந்தாள்.

"துஷி," என்றான் கடைசியில், முகத்தைக் காட்டாமல். "கீழை வைச்சா அவனுக்குக் கிடைக்குமோ? மரத்தடியிலை?"

அவளுக்கு என்ன தெரியும். செத்தவர்கள் எங்கே போகிறார்கள், எதுவரை இறங்கி வருவார்கள், ஐயருக்கே தெரியுமோ என்னவோ. நிமலன் இந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கும் நாட்களில், கூப்பிட்டால் வரமாட்டான், போன் அடித்தால் எடுக்கமாட்டான். மேலே சட்டியில் கணவாய் விழுந்த சத்தம் கேட்டால் போதும், படிகளில் தடதடவென்று, அண்ணி எனக்கு முறுகல், அண்ணி எனக்கு முறுகல்.

"கணவாய் எண்டா அவன் எங்கை இருந்தாலும் வருவான்," என்றாள். "ஏறியும் வந்தவன், இறங்கியும் வருவான்."

சுதாகரன் தலையாட்டினானா, வெறுமனே தலை அசைந்ததா, தெரியவில்லை. எழுந்து மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் கொதிக்கிற எண்ணெயில் கணவாய் விழும் சத்தம் கேட்டது. துஷ்யந்தி தன்னையறியாமல் நிலக்கீழ் அறைப் படிகளின் பக்கம் காதைக் கொடுத்தாள். யாரும் ஏறி வரவில்லை. லாப்டொப் இன்னும் வண்டியோடு கொழுவியபடிதான் இருந்தது, பெட்டியில் பத்து. இப்போது மாற்றினாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு வண்டிகளையும் ட்ரெய்லரில் ஏற்றுவதற்குப் பலகையைச் சாய்த்தாள்.